ஜிம்மி கிளாஸின் இன்னொரு கோல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜிம்மி கிளாஸ் பற்றிய ஒரு காணொளியைப் பார்த்தேன். 1999 மே 8, ஆட்டம் முடியச் சில விநாடிகள். கோல்கீப்பரான அவரே முன்னால் ஓடிவந்து கோல் அடித்து, கார்லைல் யுனைடெட் அணியை இங்கிலாந்துக் கால்பந்து லீக்கிலிருந்து வெளியேறாமல் காப்பாற்றுகிறார். விடாமுயற்சிக்கு இதைவிட உதாரணம் உண்டா? ஆனால் பிறகு டாக்சி ஓட்டினாராம். மனம் கனத்தது. இது வெற்றிக் கதையா, தோல்விக் கதையா? பள்ளி விழாவில் பேச வேண்டியிருக்கிறது.

தங்கள் வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

டாக்சிக்காக மனம் கனக்க வேண்டாம். அது உழைத்துச் சாப்பிடும் தொழில். விடாமுயற்சி என்ற பட்டத்தையும் தயவுசெய்து அவர் தலையில் கட்டாதீர்கள்.

கிளாஸ் அந்த அணிக்காரரே இல்லை. கார்லைல் தன் கீப்பரை விற்றுவிட்டது. பதிலுக்கு இரவல் வாங்கிய கீப்பரையும் அவருடைய கிளப் திரும்ப அழைத்துக்கொண்டது. வீரர்களை வாங்குவதற்கான கெடு முடிந்த பின் தனி அனுமதி பெற்று ஸ்விண்டன் கிளப்பிலிருந்து அவசர இரவலாக வந்தவர் இவர். ஆடியது 3 ஆட்டங்கள். மூன்றாவதில், கார்னரில் வந்த பந்தைக் கார்லைல் வீரர் டோபி தலையால் முட்ட, எதிரணியான ப்ளிமத்தின் கீப்பர் தடுக்க, அது இவர் காலடியில் வந்து விழுந்தது. அடித்தார். பிறகு கேம்பிரிட்ஜ், பிரென்ட்ஃபோர்ட், ஆக்ஸ்ஃபோர்ட் என்று மறுபடியும் பெட்டி தூக்கினார்.

நானும் கல்லூரியில் கீப்பராக நின்றவன். வேறு யாரும் நிற்க முன்வராததால். இரண்டு ஆண்டுகளில் எத்தனையோ பந்துகளைத் தடுத்திருப்பேன். பழைய நண்பர்கள் எங்கே பார்த்தாலும், என் கால்களுக்கு நடுவே உருண்டுபோன ஒரே பந்தைத்தான் விசாரிக்கிறார்கள்.

அதனால்தான் உங்கள் மேல் கோபம். முப்பது விநாடிக் காணொளி பார்த்தவர் ஓராண்டு பின்னே போய்ப் பார்த்திருக்கக் கூடாதா? 1998இல் வெம்ப்ளி மைதானம், கீழ்நிலை லீக் அணிகளுக்கான கோப்பையின் இறுதியாட்டம். போர்ன்மத் முன்னிலையில் இருக்கிறது. கிரிம்ஸ்பிக்குச் சமன் கோலைத் தந்தது போர்ன்மத் கீப்பரின் சேம்சைடு கோல். கூடுதல் நேரத்தில் கோப்பையும் போயிற்று. அந்தக் கீப்பர் ஜிம்மி கிளாஸ். இரண்டும் அவருடைய கோல்கள்தான். ஒன்றை மட்டும் எடுத்து மாலை போடுகிறீர்கள். இரண்டையும் மேடையில் சொல்லுங்கள். இல்லையென்றால் திருக்குறள் ஒப்பித்துவிட்டு இறங்குங்கள்.

ஸ்கார்பரோவையும் விட்டுவிட்டீர்கள். கார்லைல் தோற்றாலோ சமன் செய்தாலோ, அதற்குப் பதிலாக லீக்கில் தப்பியிருக்க வேண்டிய அணி. பீட்டர்பரோவுடன் 1-1 என்று அவர்கள் ஆட்டம் முன்பே முடிந்துவிட்டது. ரசிகர்கள் மைதானத்தில் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். கார்லைலிலிருந்து செய்தி வந்தது. 1987இல் லீக்குக்குள் நேரடித் தகுதி உயர்வு பெற்ற முதல் அணி ஸ்கார்பரோ. 1999இல் வெளியேறியது, திரும்பவில்லை. 2007இல் கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டது. உங்கள் பள்ளியில் ஒரு பிள்ளையாவது எழுந்து, “அப்புறம் அவர்கள் என்ன ஆனார்கள்?” என்று கேட்கும். பதிலை வைத்துக்கொண்டு மேடையேறுங்கள்.