பயிற்சியின் பலனை நிதியாளருக்கு எப்படி அளந்து காட்டுவது?

தண்டையார்பேட்டையில் சின்னத் தொண்டு நிறுவனம், கணக்கு எழுதவும் மகளிர் குழுக்களைக் கவனிக்கவும் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாயிற்று, இப்போது நிதியாளர் தாக்கத்தைக் கேட்கிறார் என்கிறீர்கள். பயிற்சி முடிந்த மாலையில் எழுதி வாங்கிய கருத்துப் படிவங்களைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். அன்றைய சாப்பாடும் பேச்சும் பிடித்திருந்தன என்பதற்கு மேல் அவற்றில் எதுவும் இல்லை. பிடித்ததா, கற்றார்களா, வேலையில் மாறினார்களா, விளைவு வந்ததா என்று பயிற்சி மதிப்பீட்டு அறிஞர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-லேயே நான்கு படி சொல்லிவிட்டார். நம் அறிக்கைகள் இன்னும் முதல் படியைத் தாண்டவில்லை.

மூன்றாவது படிக்கு, அதாவது வேலையில் மாறினார்களா என்பதற்குச் சாட்சி உங்கள் அலமாரியில் இருக்கிறது. பயிற்சிக்கு முந்தைய மூன்று மாத வவுச்சர்களில் (செலவுச் சீட்டுகளில்) சீட்டுக் குலுக்கி 30 எடுங்கள். பில் இணைப்பு, ஒப்புதல் கையெழுத்து, சரியான செலவுத் தலைப்பு மூன்றும் உள்ளவை எத்தனை என்று எண்ணுங்கள். ஆறு மாதம் கழித்தும் ஓராண்டு கழித்தும் அதேபோல 30. டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டப்பட்டதா என்றும் பாருங்கள். மார்ச் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30. எண்ணுகிறவர் கணக்காளராக இருக்கக் கூடாது. சின்ன நிறுவனத்துக்கு இதெல்லாம் அதிகம் என்று யாராவது சொல்வார்கள். இரண்டு பேருக்கு அரை நாள் வேலைதான்.

"உங்கள் திறனுக்குப் பத்துக்கு எத்தனை" என்று முன்னும் பின்னும் கேட்டால் மதிப்பெண் குறையவும் செய்யும். தெரியாதது எவ்வளவு என்பதே பயிற்சிக்குப் பிறகுதானே புரிகிறது! "அன்று எப்படி, இன்று எப்படி" என்று இரண்டையும் பயிற்சிக்குப் பிறகு ஒரே தாளில் கேளுங்கள். அது ஞாபகத்திலிருந்து வருவது, ஆகவே துணைச் சான்றாக மட்டும் வையுங்கள்.

மகளிர் குழுக்களுக்குக் கூட்ட வருகை, சேமிப்பு, உள்கடன் (குழு தன் உறுப்பினருக்குக் கொடுப்பது), திருப்பிக் கட்டியது, பதிவேடு ஐந்தும் போதும். மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டுக் குழு என்றால் மார்ச்சை மே மாதத்தோடு ஒப்பிடவே கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. சேமிப்பு விழத்தான் செய்யும். போன மே, இந்த மே என்று வையுங்கள். தண்ணீர் தேங்கும் வியாசர்பாடி, கொடுங்கையூரில் மழை மாதங்களுக்கும் இதே கணக்கு.

முன்னேற்றம் முழுக்கப் பயிற்சியால்தான் என்று எழுதாதீர்கள். அந்த மாதங்களில் புது மென்பொருள் வந்ததா, ஆள் மாறினாரா என்பதையும் சேர்த்து எழுதினால் அறிக்கை நிற்கும்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) 2020 திருத்தத்தில் வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. கணக்காளர் சம்பளம் அதற்குள்தான் வருகிறது. பயிற்சிக்குப் பணம் கொடுக்கிறவர்கள், பயிற்சி பெற்றவரை வைத்துக்கொள்ளப் பணம் கொடுப்பதில்லை. பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர், இன்றும் வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.