பருத்தி ஏலத்தில் கேம் தியரி: கணக்கு வராதவர் எங்கே தொடங்குவது?

கேள்வி: கும்பகோணம் பக்கத்து ஊர். பி.காம். முடித்து எம்.பி.ஏ. முதலாண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் கேம் தியரியும் (அடுத்தவர் என்ன செய்வார் என்று கணித்து நாம் முடிவெடுப்பதைப் பற்றிய படிப்பு) போட்டி உத்தியும் சேர்ந்து ஒரு பாடம். கைதிகள் கதை (தனித்தனியாக விசாரிக்கப்படும் இரண்டு கூட்டாளிகள்; இருவரும் வாய் திறக்காவிட்டால் இருவருக்கும் நல்லது, ஆனால் காட்டிக்கொடுப்பதுதான் ஒவ்வொருவருக்கும் லாபம்) நன்றாகப் புரிகிறது. தேர்வில் புதிய சூழ்நிலை ஒன்றைக் கொடுத்தால் கை ஓடவில்லை. கணக்கு பிளஸ் டூவோடு சரி. எதை, எந்த வரிசையில் படிக்கலாம்? வீட்டில் பருத்தி போடுகிறோம். "இதைப் படிச்சு என்ன ஆகப்போகுது?" என்கிறார் அப்பா.

பதில்: அப்பாவின் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஆனி, ஆடியில் அவர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் பருத்தி ஏற்றிப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். அங்கே நடப்பது மறைமுக ஏலம். வியாபாரிகள் லாட் லாட்டாகப் போய்ப் பஞ்சைப் பிரித்துப் பார்ப்பார்கள், ஈரம் இருக்கிறதா என்று உள்ளங்கையில் வைத்து அழுத்துவார்கள், சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போடுவார்கள். அடுத்தவர் என்ன எழுதினார் என்று தெரியாது. அதிகம் எழுதியவருக்குச் சரக்கு. பாடப்புத்தகங்களில் ஏலம் பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில்தான் வரும். உங்களுக்கு நான் அதைத்தான் முதலில் வைப்பேன்.

ஒரு தாளில் நாலு வரி எழுதுங்கள். ஆடுபவர்கள் யார் யார்? ஒவ்வொருவரும் என்ன செய்ய முடியும்? எது தெரிந்து, எது தெரியாமல் செய்கிறார்கள்? முடிவில் யாருக்கு எவ்வளவு? தேர்வில் கை ஓடாததற்குக் காரணம் பெரும்பாலும் இதை எழுதாமல் நேரே விடைக்குத் தாவுவதுதான். கைதிகள் கதையில் இந்த நாலு வரியையும் புத்தகமே எழுதிக் கொடுத்துவிடுகிறது, அதனால் சுலபமாகத் தெரிகிறது.

இப்போது எண்களைப் போடலாம். ஒரு வியாபாரிக்கு அந்த லாட் குவிண்டால் 8,000 ரூபாய் பெறும் என்று வையுங்கள். அவரோடு போட்டியிடுபவர் ஒரே ஒருவர். அந்த ஆளின் மதிப்பு 6,000-க்கும் 10,000-க்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு. நம் ஆள் 8,000 என்றே எழுதினால் ஜெயித்தும் மிச்சமில்லை. குறைத்து எழுதினால் லாபம் கூடும், ஜெயிக்கும் வாய்ப்பு குறையும். எதிராளி தன் மதிப்புக்கும் 6,000-க்கும் நட்டநடுவில் எழுதுவார் என்று எடுத்துக்கொண்டு, (8,000 − விலை) × (விலை − 6,000) எங்கே உச்சத்தைத் தொடுகிறது என்று பாருங்கள் (முதலாவது ஜெயித்தால் கிடைக்கும் லாபம்; ஜெயிக்கும் வாய்ப்பு இரண்டாவதற்கு ஏற்ப ஏறும்). 6,500, 7,000, 7,500 மூன்றையும் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்: 7,000. அதாவது இவரும் நட்டநடுவில்தான் எழுதுகிறார். இருவரும் இப்படி எழுதும்போது, தனியாக மாறி யாரும் கூடுதல் லாபம் பார்க்க முடியாது. ஜான் நாஷ் 1950-ல் சொன்ன சமநிலை இதுதான். அடுத்தவர் மதிப்பு தெரியாத ஆட்டங்களுக்கு அதை நீட்டியவர் ஜான் ஹர்சானி. ரைன்ஹார்ட் செல்டனோடு சேர்த்து இவர்களுக்கு 1994-ல் நோபல் கிடைத்தது.

மொத்தம் ஐந்து பேர் வந்தால் அதே வியாபாரி 7,600 எழுதுவார். பத்துப் பேர் என்றால் 7,800. ஆள் கூடினால் விலை ஏறும் என்பது அப்பாவுக்கு என்றோ தெரியும். அந்த இருவரோடு முதலில் வந்து சேரும் மூன்று பேர் அந்தச் சீட்டில் 600 ரூபாய் ஏற்றுகிறார்கள், அடுத்த ஐந்து பேர் வெறும் 200 என்று சொல்லிப் பாருங்கள், அவர் காது கொடுப்பார்.

சரி, "வியாபாரிங்க சிண்டிகேட் போட்டுட்டாங்க" என்ற புகார்? அது எங்கே உண்மை, எங்கே வெறும் பேச்சு என்று நான் சொல்லப் போவதில்லை. போட்டிருந்தால் அது எப்படி உடையாமல் நிற்கும் என்பதுதான் நம் பாடம். ஒரே ஒரு நாள் ஏலம் என்றால், பேசிவைத்த விலைக்கு மேல் ஐம்பது ரூபாய் போட்டு எவராவது சரக்கை அள்ளிவிடுவார். அது கைதிகள் கதைதான். ஆனால் வாராவாரம் அதே முகங்கள். இன்று மீறினால் அடுத்த வாரம் திருப்பி அடிப்பார்கள். பெட்டி மூடியிருந்தாலும் முடிவு எல்லார் முன்னாலும் வருகிறது, எனவே மீறியவர் யார் என்பது அன்றைக்கே தெரிந்துபோகும். மூடிய ஏலத்தைப் பகிரங்கமாகப் பிரிப்பது கூட்டுக்குள் ஏமாற்றுபவரைப் பிடிக்க மிகத் தோதான ஏற்பாடு என்று பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1964-லேயே எழுதினார். நேர்மைக்காக வைத்த வழக்கம் கூட்டுக்கும் காவல் நிற்கிறது! இந்தியப் பருத்திக் கழகம் ஏலத்துக்கு வர வேண்டும் என்று விவசாயிகள் கேட்பதையும் இதோடு வைத்துப் பாருங்கள். குறைந்தபட்ச ஆதரவு விலையில் வாங்கக்கூடிய, கூட்டில் சேராத ஒருவர் வந்துவிட்டால், அந்த விலைக்குக் கீழே பேசிவைத்து என்ன பயன்? உங்கள் தாளில் முதல் வரியில் ஒரு பெயர் கூடுகிறது, ஆட்டமே வேறாகிவிடுகிறது.

ஏலம் பார்த்துவிட்டு வந்தபின் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் இருவர் ஆடும் கட்டம் (இருவரின் தேர்வுகளையும் அவற்றின் பலனையும் காட்டும் அட்டவணை), பிறகு ஒருவர் பின் ஒருவராக ஆடும் மரம் (அதைக் கடைசிக் கிளையிலிருந்து பின்னோக்கித் தீர்க்க வேண்டும்), அப்புறம் திரும்பத் திரும்ப ஆடுவது, முடிவில் தகவல் மறைந்திருக்கும் ஆட்டங்கள். கணக்கில் நிகழ்தகவு, சராசரி, ஒரு வளைவின் உச்சத்தைக் கண்டுபிடிப்பது, இவ்வளவு போதும். யேல் பல்கலைக்கழகத்தில் பென் போலக் நடத்திய 24 வகுப்புகள் இலவச வீடியோவாக இருக்கின்றன. மாணவர்களையே ஆடவிட்டுச் சொல்லிக் கொடுப்பவர், அவரிடம் தொடங்குங்கள். என்.பி.டி.இ.எல். (ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் இணையப் பாடங்கள்) வகுப்புகளில் கணிதம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அவற்றை இரண்டாம் சுற்றுக்கு வையுங்கள். ஒரு தொழிலின் போட்டியைத் தீர்மானிப்பவை என்று மைக்கேல் போர்ட்டர் 1979-ல் சொன்ன ஐந்து விசைகளைக் (இருக்கும் போட்டியாளர், புதிதாக நுழைபவர், மாற்றுப்பொருள், வாங்குபவர், சரக்கு தருபவர்) கேம் தியரியோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது விடை சொல்லாது, முதல் வரியில் யாரையும் விட்டுவிடாமல் இருக்க உதவும்.

வாரம் ஒரு ஆட்டத்தைச் சொந்தமாக எழுதிப் பழகுங்கள். நெடுஞ்சாலை நெடுக 'கும்பகோணம் டிகிரி காபி' பலகை தொங்குகிறதே, அதை எழுதலாம். யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளக்கூடிய பலகை தரத்தைப் பற்றி என்ன சொல்லிவிடும்? தரமில்லாதவர் எளிதில் காட்ட முடியாத அடையாளம்தான் தரத்தைச் சொல்லும் என்று மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-ல் எழுதிய சமிக்ஞைக் கட்டுரையின் கரு இதற்குள் அடங்கிவிடும்.

ஏலத்துக்குப் போகிற அன்று ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் லாட்டுக்கு எத்தனை சீட்டு விழுந்தது, முதல் விலைக்கும் அடுத்த விலைக்கும் எவ்வளவு இடைவெளி என்று குறித்து வாருங்கள். இரண்டாம் விலையை உங்களிடம் சொல்லத் தயங்கினால் அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள், சரக்கு அவருடையது.