குளோசேவின் 16 கோல்களில் அதிர்ஷ்டம் எவ்வளவு?

கேள்வி: ஆண்கள் உலகக் கோப்பையில் 16 கோல் அடித்த ஜெர்மனியின் மிரோஸ்லாவ் குளோசே உண்மையிலேயே பெரிய ஸ்ட்ரைக்கரா (முன்வரிசையில் நின்று கோல் அடிப்பவரா)? கோல் போஸ்டுக்குப் பக்கத்தில் நின்று தட்டிவிட்ட கோல்கள்தானே பெரும்பாலும்?

பதில்:

பெரிய ஸ்ட்ரைக்கர்தான், சந்தேகமே வேண்டாம். உங்கள் கேள்வியில் பாதி சரி. தட்டிவிட்டார் என்பது உண்மை. நின்றுகொண்டு தட்டிவிட்டார் என்பதுதான் தவறு. நான் கல்லூரி அணியில் நான்கு வருடம் முன்வரிசையில் ஆடியவன். பந்து விழப்போகும் இடத்துக்கு டிஃபென்டரை விட அரை விநாடி முன்னால் போய்ச் சேர்வது எவ்வளவு பாடு என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2002, 2006, 2010, 2014 என நான்கு உலகக் கோப்பைகள். முறையே 5, 5, 4, 2 கோல்கள். மொத்தம் 24 ஆட்டங்கள். அந்த 16 கோல்களில் ஒன்றுகூடப் பெனால்டி கிடையாது. எல்லா வகை ஆட்டங்களையும் சேர்த்தால் ஜெர்மனிக்காக 137 ஆட்டங்களில் 71 கோல்கள். ஜெர்மனியின் பழைய ஸ்ட்ரைக்கர் கெர்ட் முல்லர் நாற்பது வருடம் வைத்திருந்த 68 என்ற கணக்கை 2014 ஜூனில் ஆர்மீனியாவுக்கு எதிராகத் தாண்டினார். முல்லர் அந்த 68ஐ வெறும் 62 ஆட்டங்களில் அடித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு இத்தனை என்று பார்த்தால் முல்லருக்குப் பக்கத்தில் குளோசே வரமாட்டார். அதே மாதிரி, பெண்கள் உலகக் கோப்பையில் பிரேசிலின் மார்த்தா 17 கோல் அடித்திருக்கிறார். உலகக் கோப்பைச் சாதனை என்று பேசும்போது அவர் பெயரை விட்டுவிடக் கூடாது.

இத்தனைக்கும் நடுவில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு தகவல்: குளோசே கோல் அடித்த ஒரு ஆட்டத்தில்கூட ஜெர்மனி தோற்றதில்லை.

நான் அவரை முதலில் பார்த்தது 2002 ஜூன் 1, ஜப்பானின் சப்போரோவில் சவுதி அரேபியாவுக்கு எதிரான ஆட்டத்தில். நம் நேரப்படி மாலை 5 மணி. பள்ளிக்கூட வயது எனக்கு. ஒலிவர் கான் பெயர் தெரியும், பல்லாக் பெயர் தெரியும். இந்த ஒல்லியான 11ஆம் எண் யார் என்று தெரியாது. ஜெர்மனி 8-0 என்று ஜெயித்தது. அதில் மூன்று இவருடையவை, மூன்றும் தலையால். கோல் அடித்ததும் அப்படியே காற்றில் ஒரு குட்டிக்கரணம் போட்டார். மறுநாள் தெருவில் நாங்கள் எல்லோரும் மணல் குவியல் தேடி அலைந்தோம், அந்தக் குட்டிக்கரணத்தைப் போட்டுப் பார்க்க. அந்தத் தொடரில் அயர்லாந்துக்கு எதிராக ஒன்று, கேமரூனுக்கு எதிராக ஒன்று. ஐந்துமே ஹெட்டர்.

"சவுதி மாதிரி அணிக்கு எதிராக அடித்தது" என்று சிலர் சொல்வார்கள். சரி, அந்த மூன்றைக் கழித்துவிடுங்கள். அர்ஜென்டினாவுக்கு எதிராக மூன்று இருக்கிறது, இங்கிலாந்துக்கு எதிராக ஒன்று, பிரேசிலை பிரேசிலிலேயே வைத்து ஒன்று. இந்த ஐந்தும் நாக் அவுட் ஆட்டங்கள். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய ஆட்டங்கள்.

இவர் எங்கிருந்து வந்தார் என்பதைத் தெரிந்துகொண்டால் அந்த ஆட்டமுறை இன்னும் புரியும். 1978இல் போலந்தின் ஒபோலே நகரத்தில் பிறந்தவர். அப்பா தொழில்முறைக் கால்பந்து வீரர். பிரான்ஸில் ஓசேர் கிளப்புக்கு ஆடியிருக்கிறார். அம்மா போலந்து தேசிய ஹேண்ட்பால் அணியின் கோல்கீப்பர். எட்டு வயதில் குடும்பத்தோடு ஜெர்மனிக்கு வந்தபோது பையனுக்குத் தெரிந்த ஜெர்மன் வார்த்தைகள் இரண்டுதான். குசெல் என்ற சின்ன ஊரில் வளர்ந்தார். இருபது வயது வரை ஏழாவது டிவிஷனில், பக்கத்துக் கிராமக் கிளப்பில்தான் ஆட்டம். பெரிய கிளப்புகள் பன்னிரண்டு வயதிலேயே பையன்களைப் பொறுக்கி எடுத்துவிடும் நாட்டில், இவரை யாரும் எடுக்கவில்லை. தச்சு வேலை கற்றுக்கொண்டார். நாற்காலி மேசை செய்கிற தச்சு இல்லை, வீட்டுக் கூரைக்கு மரச்சட்டம் ஏற்றுகிற வேலை. பகலில் கூரை, சாயங்காலம் பந்து.

1998இல் ஹோம்பர்க் கிளப், அடுத்த வருடம் கைசர்ஸ்லாட்டர்ன் கிளப்பின் இரண்டாம் அணி, 2000 ஏப்ரலில் ஜெர்மனியின் முதல் டிவிஷனான பன்டெஸ்லிகா. அடுத்த பதினோரு மாதத்தில் தேசிய அணி! போலந்துப் பயிற்சியாளர் நேரில் வந்து கூப்பிட்டும் ஜெர்மனிக்காகக் காத்திருந்தவர், 2001 மார்ச் 24 அன்று அல்பேனியாவுக்கு எதிராகப் பயிற்சியாளர் ரூடி ஃபோலர் இறக்கிவிட்டதும், 88ஆவது நிமிடத்தில் வெற்றி கோலை அடித்தார். பெரிய கிளப்பின் அகாடமியில் வளர்ந்த பையனுக்கு இருக்கும் மிதப்பு இவரிடம் கடைசி வரை வரவில்லை. பந்து தன்னிடம் வரும் என்று அவர் எதிர்பார்த்ததே இல்லை. இவர்தான் பந்து வருமிடத்துக்குப் போவார்.

இங்கே கொஞ்சம் என் அனுபவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் கல்லூரிப் பயிற்சியாளர் நியர் போஸ்டுக்கு (பந்து வரும் பக்கத்துக் கோல் கம்பத்துக்கு) முன்னால் ஒரு பழைய சட்டையைத் தரையில் போட்டுவிடுவார். கோலுக்கு முன்னால் உள்ள பாக்ஸுக்கு வெளியிலிருந்து ஓடிவந்து, கிராஸ் (பக்கவாட்டிலிருந்து தூக்கி அனுப்பும் பந்து) வரும் நேரத்துக்குச் சரியாக அந்தச் சட்டை மேல் கால் இருக்க வேண்டும். சீக்கிரம் போனால் பந்து முதுகுக்குப் பின்னால் போய்விடும். தாமதித்தால் டிஃபென்டர் நிற்பார். ஒரு சாயங்காலத்தில் நாற்பது ஓட்டம் ஓடவிடுவார். பந்தை அனுப்புவது நாலைந்து தடவைதான். அது எந்தத் தடவை என்று சொல்ல மாட்டார். முப்பத்தைந்தாவது ஓட்டத்தில் நான் மெதுவாக ஓடுவேன், அன்றைக்கென்று பந்து அப்போதுதான் வரும். ஒவ்வொரு முறையும் வேகத்தைக் குறைக்காமல் ஓட எனக்குக் கடைசி வரை வரவில்லை. பயிற்சியில் நாற்பதுக்கே இந்தக் கதி. குளோசே ஒவ்வொரு ஆட்டத்திலும் 90 நிமிடமும் அந்த ஓட்டத்தை ஓடிக்கொண்டே இருப்பார். டி.வி.யில் பந்து இருக்கும் பக்கம்தான் காட்டுவார்கள், அதனால் நமக்கு அந்தக் கடைசி ஓட்டம் மட்டும் தெரிகிறது.

2006 காலிறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பெர்லின். அர்ஜென்டினா 1-0 என்று முன்னிலை, 80ஆவது நிமிடம். இடப்பக்கத்திலிருந்து பல்லாக் கிராஸ் போடுகிறார். போரோவ்ஸ்கி தலையால் லேசாகத் திருப்பிவிடுகிறார். அந்தத் திருப்பலைப் பார்த்துவிட்டுக் கிளம்பியவன் யாரும் அந்தப் பந்தைத் தொட்டிருக்க முடியாது. குளோசே அதற்கு முன்பே கிளம்பிவிட்டார். உடம்பை முன்னால் சாய்த்துத் தலையால் ஒரு வெட்டு, 1-1. அப்புறம் பெனால்டி ஷூட் அவுட்டில் ஜெர்மனி ஜெயித்தது. அந்தத் தொடரில் 5 கோல்களோடு அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி இவருக்கு. முதல் இரண்டு கோல்கள் கோஸ்டா ரிகாவுக்கு எதிராக, அவருடைய 28ஆவது பிறந்தநாளில் வந்தவை.

2010க்கு முன்னால் அவர் கதை முடிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைத்தார்கள். பேயர்ன் மியூனிக்கில் பெரும்பாலும் பெஞ்ச். அந்த பன்டெஸ்லிகா பருவத்தில் வெறும் 3 கோல்கள். ஆனாலும் பயிற்சியாளர் யோவாக்கிம் லோவ் தென்னாப்பிரிக்காவுக்குக் கூட்டிப்போனார். செர்பியாவுக்கு எதிராகச் சிவப்பு அட்டை வாங்கி, அணியும் தோற்று, ஒரு ஆட்டம் வெளியே உட்கார்ந்து, திரும்பி வந்து இங்கிலாந்துக்கு எதிராக அடித்த கோல் என்னைப் பொறுத்தவரை ஒரு பாடம். ஜெர்மனி கோல்கீப்பர் நோயர் கோல் கிக்கை நீளமாக அடிக்கிறார். எதிரணி டிஃபென்டர்களைத் தாண்டி முன்னால் நின்று பந்து வாங்கக் கூடாது என்பதுதான் ஆஃப்சைடு; கோல் கிக்கிலிருந்து நேராக வரும் பந்துக்கு அது கிடையாது. மைதானத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த விதி. அந்த நொடியில் அதை நினைவில் வைத்து ஓடியது ஒரே ஆள். இங்கிலாந்து டிஃபென்டர் அப்சன் தோளோடு தோள் இடித்துக்கொண்டே வருகிறார், குளோசே சறுக்கி, காலை நீட்டி, கோல்கீப்பர் ஜேம்ஸைத் தாண்டித் தள்ளிவிடுகிறார். தட்டிவிட்ட கோல்தான். அதற்கு முன் அரை மைதானம் ஓடியிருக்கிறார்.

கோலுக்கு வெளியே இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் குளோசேவைப் பற்றி எழுத என்னால் முடியாது. 2005இல் ஜெர்மனியின் வெர்டர் பிரேமன் கிளப்புக்கு ஆடும்போது நடுவர் இவருக்குப் பெனால்டி கொடுத்தார். இவரே போய், கோல்கீப்பர் பந்தைத்தான் தொட்டார், இது பெனால்டி இல்லை என்று சொல்லிவிட்டார். 2012 செப்டம்பரில் இத்தாலியில், லாட்சியோ கிளப்புக்காக, நாப்போலி கிளப்பின் மைதானத்தில் ஆட்டம். தொடங்கிய சில நிமிடங்களில் ஒரு கார்னர். பந்து இவர் கையில் பட்டு உள்ளே போகிறது. நடுவர் கோல் என்கிறார். நாப்போலி வீரர்கள் சூழ்ந்துகொண்டு கத்துகிறார்கள். குளோசே நடுவரிடம் போய், ஆமாம், கையில் பட்டது என்கிறார். கோல் ரத்து. எதிரணி வீரர்கள் வந்து கை கொடுத்தார்கள். அந்த ஆட்டத்தில் லாட்சியோ 3-0 என்று தோற்றது.

அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கல்லூரிகளுக்கு இடையிலான ஒரு ஆட்டத்தில் நானும் அப்படி ஒரு கோல் போட்டிருக்கிறேன். கூட்டத்தில் பந்து என் முழங்கைக்குக் கீழே பட்டு உள்ளே போனது. நடுவர் பார்க்கவில்லை. எதிரணி கோல்கீப்பர் மட்டும் பார்த்தான். அவன் யாரிடமும் கத்தவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான், நான் சொல்வேன் என்று. நான் சொல்லவில்லை. ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தோம். சும்மா ஒரு கல்லூரி ஆட்டம், நூறு பேர்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அதில் என்னால் செய்ய முடியாததை, ஒருவர் நாப்போலி ரசிகர்கள் நிறைந்த மைதானத்தில், தன் கிளப்புக்குக் கிடைத்துவிட்ட கோலைத் திருப்பிக் கொடுத்துச் செய்திருக்கிறார். அந்தப் பையனின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

சரி, 2014. வயது 36. அணியில் முழுநேர ஸ்ட்ரைக்கர் இவர் ஒருவர்தான், அவரும் பெஞ்சில். கானாவுக்கு எதிராக ஜெர்மனி 2-1 என்று பின்தங்கியிருந்தபோது 69ஆவது நிமிடத்தில் இறங்கினார். 71ஆவது நிமிடத்தில் கார்னர். ஹொவெடஸ் தலையால் திருப்பிவிட, ஃபார் போஸ்டில் காலை நீட்டிக்கொண்டு சறுக்கி வந்தார் குளோசே. 2-2. அது 15ஆவது கோல். பிரேசிலின் ரொனால்டோவுக்குச் சமம். குட்டிக்கரணமும் போட்டார், ஆனால் பழையபடி கால் சரியாக ஊன்றவில்லை, தடுமாறி விழுந்து சிரித்துக்கொண்டே எழுந்தார். சப்போரோவில் அதைப் பார்த்த நாளிலிருந்து பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இதில் ஒரு பொருத்தம் பாருங்கள். ரொனால்டோ தன் 15ஆவது கோலை அடித்து கெர்ட் முல்லரின் 14 உலகக் கோப்பை கோல்களைத் தாண்டியது 2006இல், ஜெர்மனி மண்ணில், அதுவும் கானாவுக்கு எதிராகத்தான். குளோசே அவரைத் தாண்டியது பிரேசில் மண்ணில், பிரேசிலுக்கே எதிராக, ரொனால்டோ அதே மைதானத்தில் டி.வி. வர்ணனையில் உட்கார்ந்திருக்கும்போது.

அந்த பிரேசில் ஆட்டம், அரையிறுதி, நமக்கு ஜூலை 9 அதிகாலை 1.30 மணி. அப்பாவும் நானும் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா சிறு வயதிலிருந்து பிரேசில் ரசிகர். 23ஆவது நிமிடம், ஜெர்மனி ஏற்கெனவே 1-0. குரூஸ் உள்ளே தள்ளிய பந்தைத் தாமஸ் முல்லர் லேசாகத் தொட்டு குளோசேவிடம் விட்டார். அவர் அடித்ததை பிரேசில் கோல்கீப்பர் ஜூலியோ சீசர் தடுத்துவிட்டார். தடுத்த பந்து வேறு எங்கும் போகாமல் நேராக குளோசேவின் காலுக்கே திரும்பி வந்தது. இரண்டாவது முறை விடவில்லை. 16.

அந்தப் பந்து திரும்பி வந்தது அதிர்ஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். உங்கள் கேள்விக்கு அந்த ஒரு கோலை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் காட்சியைத் திரும்ப ஒருமுறை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். பாக்ஸுக்குள் இருக்கும் மஞ்சள் சட்டைக்காரர்கள் முதல் அடி தடுக்கப்பட்டதும் என்ன செய்கிறார்கள், 36 வயது குளோசே என்ன செய்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

அப்புறம் ஆறு நிமிடத்துக்குள் இன்னும் மூன்று கோல்கள் விழுந்தன, கடைசியில் 7-1. அப்பா மூன்றாவது கோலிலேயே எழுந்து படுக்கப் போய்விட்டார். இறுதியாட்டத்துக்கு மட்டும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். 88ஆவது நிமிடத்தில் குளோசேவை வெளியே எடுத்து மரியோ கோட்ஸேவை இறக்கினார்கள். "உங்க ஆளு அவ்வளவுதானா?" என்று கேட்டார். ஆமாம்பா, அவ்வளவுதான் என்றேன். 113ஆவது நிமிடத்தில் அந்தக் கோட்ஸேதான் கோல் அடித்தான். 2002இல் இரண்டாம் இடம், 2006இலும் 2010இலும் மூன்றாம் இடம் என்று வெறுங்கையோடு திரும்பிய மனிதர் கோப்பையைத் தூக்கியபோது, நான் எழுந்து நின்று கை தட்டினேன். அப்பாவும் தட்டினார்.