அப்டேட் நடுவில் கரண்ட் போய்விட்டதா? உபுண்டுவின் பூட்டுக் கோப்பில் கை வைக்காதீர்கள்

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையின் கணினி அறை என் பொறுப்பில் இருக்கிறது. மழை நாளொன்றில் உபுண்டு 22.04 இயங்குதளம் அப்டேட் ஆகிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. அதிலிருந்து எதையும் நிறுவ முடியவில்லை. ஒருமுறை பூட்டு கிடைக்கவில்லை என்கிறது, இன்னொருமுறை, மென்பொருளை நிறுவும் டிபிகேஜி என்ற நிரல் இடையில் நின்றுவிட்டது என்கிறது. பூட்டுக் கோப்பை அழித்தால் சரியாகும் என்கிறார்கள். அழிக்கலாமா?

பதில்: அழிக்கவே வேண்டாம். அந்தக் கோப்பு வட்டில் எப்போதும் கிடக்கும், அதனால் தொல்லையில்லை. பூட்டு என்பது, ஓடுகிற ஒரு நிரல், இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கேட்டு அந்தக் கோப்பின்மேல் வாங்கி வைத்திருக்கும் பிடி. கரண்ட் போன நொடியிலேயே பழைய பிடி விட்டுப் போயிற்று. ஆகவே கணினியை மறுபடி போட்ட பிறகும் பூட்டுச் செய்தி வந்தால், இப்போது வேறொரு நிரல் உண்மையிலேயே வேலை செய்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது தானாக ஓடும் பாதுகாப்பு அப்டேட். அதன் பெயரும் எண்ணும் செய்தியிலேயே இருக்கும். பாதியில் நின்ற வேலையை அதுவே முடிக்கவும் பார்க்கும். கால் மணி நேரம் விடுங்கள்; இணைப்பு மெதுவென்றால் இன்னும் கொஞ்சம். அந்த நேரத்தில் கோப்பை அழித்தால், மென்பொருளை இறக்கி நிறுவும் ஆப்ட் கட்டளை புதிதாக ஒன்றை உண்டாக்கி அதைப் பூட்டிக்கொள்ளும். பிறகு இரண்டு நிரல்கள் ஒரே பதிவேட்டில் எழுதும். சரிசெய்யக்கூடிய பழுது அங்கேதான் சரிசெய்ய முடியாததாகிறது.

பூட்டுச் செய்தி நின்றதும், கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறவுங்கள். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தருகிறோம். நீங்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். முதலில் 'டிஎஃப் -எச்' கொடுத்து வட்டில் இடம் இருக்கிறதா பாருங்கள். வட்டு நிரம்பியிருந்தால் மற்ற எந்தக் கட்டளையும் பாதியில் விழும். அப்படியானால் 'சூடோ ஆப்ட் கிளீன்' தரவிறக்கிய பொதிகளை, அதாவது மென்பொருள் கட்டுகளை, நீக்கி இடம் தரும் ('சூடோ' என்றால் நிர்வாகி உரிமையுடன் ஓட்டுவது).

அடுத்து 'சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ'. இடையில் நின்றதாகச் சொல்லும் செய்தியிலேயே இந்தக் கட்டளை இருக்கும், பார்த்து அப்படியே தட்டலாம். டிபிகேஜி ஒரு பொதியை முதலில் விரிக்கும், பிறகு அமைக்கும். விரித்து அமைக்காமல் நின்றவற்றை இந்தக் கட்டளை முடித்துவைக்கும். அமைப்புக் கோப்பை மாற்றலாமா என்று நடுவில் கேட்டால் வெறும் என்டர் போதும், உங்கள் பழைய கோப்பு அப்படியே இருக்கும்.

பிறகு 'சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'. இதில் அவசரம் கூடாது. 'ஒய்' விசையை அழுத்துமுன் நீக்கப்போகும் பொதிகளின் பட்டியலை வாசியுங்கள். அதில் திரை முகப்புக்கான 'உபுண்டு-டெஸ்க்டாப்' இருந்தால் 'என்' விசையை அழுத்தி நிறுத்துங்கள். ஒரு பொதிக் கோப்பே அரைகுறையாக இருப்பதாகச் சொன்னால் 'ஆப்ட் கிளீன்' கொடுத்துவிட்டு இதே கட்டளையை மறுபடி ஓட்டினால் புதிதாக இறக்கிக்கொள்ளும்.

கெர்னல் அப்டேட் நடுவில் கரண்ட் போயிருந்தால் கணினி திறக்காமலே போகலாம். போடும்போது எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் விசையால், தொடக்கத் தெரிவுகளைக் காட்டும் கிரப் பட்டியலை வரவழைத்து, மேலதிகத் தெரிவுகளில் பழைய கெர்னலைத் தேர்ந்து உள்ளே போங்கள். அங்கிருந்து அதே 'டிபிகேஜி' கட்டளை.

அரிதாக, '/வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ்' கோப்பை வாசிக்க முடியவில்லை என்று வரும். எந்தப் பொதி எந்த நிலையில் இருக்கிறது என்ற முழுப் பதிவேடும் அதுதான். பழுதான கோப்பை வேறு பெயரில் எடுத்து வைத்துவிட்டு, அதே அடைவில் உள்ள 'ஸ்டேட்டஸ்-ஓல்ட்' கோப்பை 'ஸ்டேட்டஸ்' என்ற பெயரில் பிரதி செய்யுங்கள். அதுவும் வெறுமையாக இருந்தால் '/வார்/பேக்கப்ஸ்' அடைவில் 'டிபிகேஜி.ஸ்டேட்டஸ்.0' இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் பழைய மேசைக் கணினிகளில் அடிக்கடி வருவது: கரண்ட் வந்த பிறகு, மென்பொருள் களஞ்சியத்தின் 'ரிலீஸ்' கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று ஆப்ட் மறுக்கும். மதர்போர்டின் சிஆர்2032 பற்றரி தீர்ந்து திகதி பின்னால் போயிருக்கும். திகதியைத் திருத்தினால் அப்போதைக்குச் சரியாகும். மின்கம்பியைக் கழற்றிவிட்டு அந்த 3 வோல்ட் பற்றரியை மாற்றினால்தான் மறுபடி வராது.

தென்மேல் பருவமழையில் மரம் விழுந்து கரண்ட் போவதை நாம் தடுக்க முடியாது. அது எந்தக் கட்டத்தில் போகிறது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. தரவிறக்கும்போது போனால் நட்டமில்லை, ஆப்ட் விட்ட இடத்திலிருந்து தொடரும். நிறுவும்போது போனால்தான் இந்தப் பாடெல்லாம். எனவே இரண்டையும் பிரியுங்கள். 'சூடோ ஆப்ட் அப்டேட்', பிறகு 'சூடோ ஆப்ட் அப்கிரேட் --டவுன்லோட்-ஒன்லி' கொடுத்தால் பொதிகள் இறங்கி மட்டும் நிற்கும். வானம் வெளுத்த காலையில், முடிந்தால் யூபிஎஸ் இணைத்து, 'சூடோ ஆப்ட் அப்கிரேட்' ஓட்டுங்கள்.

இதில் டேட்டாவும் மிச்சம். நிறுவுமுன் '/வார்/கேச்/ஆப்ட்/ஆர்கைவ்ஸ்' அடைவிலுள்ள, இறங்கிய பொதிகளான டெப் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்து, அதே 22.04 உள்ள மற்றக் கணினிகளின் அதே அடைவில் சூடோவுடன் போடுங்கள். ஒவ்வொன்றிலும் 'ஆப்ட் அப்டேட்' மட்டும் இணையத்தைக் கேட்கும். பொதிகளைத் திரும்ப இறக்காது. நிறுவிய பிறகு தேடினால் அவை இருக்காது, 'ஆப்ட்' கட்டளை வேலை முடிந்ததும் அவற்றை நீக்கிவிடும்.