‘பாக்கி எதுவும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால்தான் என்.ஓ.சி.யா?

கேள்வி: ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்கிறேன். என் மகனுக்கு 21 வயது. வடக்கே ஒரு கீழ்ப்பிரிவு கால்பந்து கிளப்பில் ஆடுகிறான். ஒப்பந்தத்தில் 9 மாத சீசனுக்கு 2,16,000 ரூபாய், 9 தவணை என்று போட்டிருக்கிறது. முதல் மூன்று மாதம் 24,000 வீதம் வங்கியில் ஏறியது. அதற்கப்புறம் மூன்று மாதமாக ஒன்றும் வரவில்லை. இப்போது வேறு ஒரு கிளப் கூப்பிடுகிறது. பழைய கிளப்காரர்கள், ‘எனக்குப் பாக்கி எதுவும் இல்லை’ என்று கையெழுத்துப் போட்டால்தான் என்.ஓ.சி. (வேறு கிளப்புக்குப் போக ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) தருவோம் என்கிறார்கள். அவனைச் சேர்த்துவிட்டவரும், ‘போட்டுட்டு வாடா, காசை அப்புறம் நான் வாங்கித் தர்றேன்’ என்கிறாராம். போடலாமா சார்?

பதில்: போட வேண்டாம் அம்மா. இன்று ராத்திரியே போன் பண்ணி உங்கள் பையனிடம் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரியின் விலை 72,000 ரூபாய்.

வேலூர் நேதாஜி ஸ்டேடியத்திலும் கோட்டை மைதானத்திலும் பந்தை உதைத்துவிட்டு வெளியூர் போன பையன்கள் வருஷத்துக்கு நாலு பேராவது வக்கீலான என்னிடம் வருகிறார்கள். ஊரும் கிளப்பும்தான் மாறுகிறது, கதை மாறுவதில்லை. மூன்று மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து என்.ஓ.சி. வாங்குகிறான். புதுக் கிளப்பில் இரண்டு மாதம் வருகிறது, பிறகு அங்கும் நின்றுவிடுகிறது. கையெழுத்துப் போட்ட பிறகு வந்தால், ‘மிரட்டி வாங்கினார்கள்’ என்று நான் வாதாடலாம்தான். அதை நிரூபிப்பதற்குள் பையனுக்குப் பந்து ஆடும் வயது தாண்டிவிடும்.

உங்கள் பையன் செய்ய வேண்டியது இதுதான். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்த கிளப்பிலிருந்து ஆட்டக்காரர் தகுந்த காரணத்தோடு விலகலாம் என்று உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா 2018-லேயே விதி எழுதிவிட்டது. ஆனால் விலகுவதற்கு முன்னால் பாக்கியை எழுத்தில் கேட்டு, 15 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். பசங்கள் கோட்டை விடுவது இந்த 15 நாளில்தான். கோபத்தில் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிக் காட்பாடியில் வந்து இறங்கிவிடுகிறார்கள். மறுநாளே கிளப், ‘பையன் ஓடிவிட்டான், ஒப்பந்தத்தை மீறினது அவன்தான்’ என்று எழுதிவிடும். ஆகவே நோட்டீஸ் கொடுத்த பிறகும் தினம் பயிற்சிக்குப் போகட்டும். மைதானத்தில் நின்று தேதியோடு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளட்டும். சோறு சரியில்லை, ஹாஸ்டலில் தண்ணீர் இல்லை என்றாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கட்டும்.

கிளப்பின் மின்னஞ்சலுக்கு ஒன்று, ஸ்பீட் போஸ்டில் ஒன்று, நகல் அந்த மாநிலக் கால்பந்துச் சங்கத்துக்கும் டெல்லியில் உள்ள அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும். எந்தெந்த மாதம், எவ்வளவு, எந்த வங்கிக் கணக்கில் போட வேண்டும், 15 நாளுக்குள் என்று நாலே வரி போதும். வாட்ஸ்அப்பில் ‘சார் ப்ளீஸ் சார்’ என்று அனுப்பியதெல்லாம் நோட்டீஸ் ஆகாது. எழுதத் தெரியவில்லை என்றால் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

இனி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிற சிக்கலுக்கு வருகிறேன். அதில் ‘மாதச் சம்பளம்’ என்ற சொல்லே இல்லை, ‘சீசனுக்கு’ என்றுதான் இருக்கிறது. கிளப் கட்டாயம் இதைப் பிடித்துக்கொள்ளும். ‘நாங்கள் மாதாமாதம் தருவதாகச் சொல்லவே இல்லையே, சீசன் இன்னும் முடியவில்லையே’ என்பார்கள். மாதக் கணக்கில் இல்லாத சம்பளத்துக்கும் அந்த விதியிலேயே வழி இருக்கிறது, மொத்தத்தை மாதத்துக்குப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. 2,16,000-ஐ 9-ஆல் வகுத்தால் 24,000. இரண்டு மாதத்துக்கு 48,000. பாக்கி 72,000, ஆகவே எல்லையைத் தாண்டிவிட்டது. ஆனால், கவனமாகக் கேளுங்கள், வகுத்துப் பார்த்தால் மட்டும் போதாது. பணம் ‘தர வேண்டிய நாள்’ கடந்திருக்க வேண்டும். ‘முழுத்தொகையும் சீசன் கடைசியில்’ என்று எழுதியிருந்தால், அந்தக் கடைசி நாள் வரும்வரை பாக்கி என்றே சொல்ல முடியாது. ‘பாதி முன்பணம், பாதி கடைசியில்’ என்றிருந்தாலும் அப்படித்தான், இரண்டாவது பாதிக்குக் காத்திருந்துதான் ஆக வேண்டும். உங்கள் தாளில் 9 தவணை என்று இருக்கிறது, தேதி இல்லை. நல்லவேளையாக முதல் மூன்று தவணையை மாதம் ஒன்றாக வங்கியில் போட்டிருக்கிறார்கள். தேதியைத் தாளில் எழுதாதவர்கள் பாஸ்புக்கில் எழுதிவிட்டார்கள். அந்த மூன்று பதிவுகளையும் நகலெடுத்து நோட்டீஸோடு சேருங்கள். ரொக்கமாக வாங்கியிருந்தால் நான் இவ்வளவு தைரியமாகப் பேசமாட்டேன்.

15 நாள் கழித்தும் வராவிட்டால், இன்ன காரணத்தால் விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம். பிறகு, ஆட்டக்காரர்-கிளப் தகராறுகளை விசாரிக்கும் சம்மேளனத்தின் பிளேயர்ஸ் ஸ்டேட்டஸ் கமிட்டியில் புகார். அது எப்போது கூடும், எப்போது தீர்ப்பு எழுதும் என்று என்னைக் கேட்காதீர்கள். 24,000 ரூபாய்ப் பையன் டெல்லிக்குக் கடிதம் போட்டுவிட்டுக் காத்திருக்கும் ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ! ஆட்டக்காரர்களுக்கென்று எஃப்.பி.ஏ.ஐ. என்ற சங்கம் இருக்கிறது, இந்திய அணியின் முன்னாள் கேப்டன் பாய்ச்சுங் பூட்டியா காலத்தில் தொடங்கியது. அவர்களுக்கும் எழுதுங்கள். தனி ஆளாகக் கதவைத் தட்டுவதைவிட அது மேல்.

‘கிளப்பே மூடிவிட்டால்?’ என்று அடுத்து கேட்பீர்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். கீழ்ப்பிரிவில் டி.வி. பணம் கிடையாது, டிக்கெட் வசூல் கிடையாது, ஒரே ஒரு முதலாளியின் பாக்கெட்தான். அவருக்கு ஆசை தீர்ந்தால் அணியும் தீர்ந்தது. இங்கிலாந்தில் 1885-ல் தொடங்கிய பரி கிளப்பை 2018 டிசம்பரில் ஒருவர் 1 பவுண்டுக்கு வாங்கினார். பையன்கள் சம்பளம் வராமலே ஆடி, மேல்பிரிவுக்குத் தகுதியும் பெற்றார்கள். 2019 ஆகஸ்டில் கிளப்பை லீக்கிலிருந்தே தூக்கிவிட்டார்கள். நம்மிடம் மட்டும் என்ன வாழ்கிறது? முதல் தேசிய லீக்கை ஜெயித்த ஜே.சி.டி. 2011-ல் மூடியது. தேசிய லீக்கான ஐ-லீக்கில் 2018-19 சாம்பியனான சென்னை சிட்டி, சில வருஷத்தில் அந்த லீக்கிலேயே இல்லை. 2025-ல் ஐ.எஸ்.எல். சீசனே நிறுத்தி வைக்கப்பட்டபோது முதல் பிரிவிலேயே சம்பளம் நின்றது. ஆனால் நிறுவன அணிகளான இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப். அணிகளில் ஆடியவர்களுக்கு அந்த நிறுவனத்திலேயே வேலையும் இருந்தது. தோற்றாலும் 1-ம் தேதி சம்பளம் வந்தது.

இங்கிலாந்தில் கிளப் நொடித்துப் போனால் ஆட்டக்காரர் பாக்கியை முதலில் தீர்க்க வேண்டும் என்று லீக் விதி உண்டு. நம் திவால் சட்டத்தில் ஆட்டக்காரருக்கென்று தனி வரிசை கிடையாது. கடன் பாக்கி 1 கோடிக்குக் குறைந்தால் கம்பெனியைத் திவால் மன்றத்துக்கு இழுக்கவும் முடியாது. அதனால்தான் சொல்கிறேன், கிளப் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள்.

கடைசியாக அந்தச் ‘சேர்த்துவிட்டவர்’. அவருக்கு 60,000 கொடுத்ததாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள், ரசீது உண்டா? 2023 அக்டோபரிலிருந்து, ஏஜென்ட் என்று சொல்லிக்கொள்ள ஃபிஃபாவின் பரீட்சை எழுதி உரிமம் வாங்கியிருக்க வேண்டும். பெயர் ஃபிஃபா தளத்தில் இருக்கும், உங்கள் பையனே போனில் தேடிப் பார்க்கலாம். இந்த அளவுச் சம்பளத்துக்கு ஃபிஃபா எழுதிய கமிஷன் வரம்பு 5 சதவீதம். ஐரோப்பாவில் ஏஜென்ட்டுகள் வழக்குப் போட்டதால் 2023 கடைசியில் ஃபிஃபா அந்த வரம்பை நிறுத்தி வைத்தது வேறு கதை. உங்கள் கணக்குக்கு அந்த 5 சதவீதம் 10,800 ரூபாய்தான் வரும். 60,000 வாங்கிய மனுஷர் யாருக்காகப் பேசுவார்? பையன் கிளப் மாறினால்தான் அவருக்கு அடுத்த வசூல். அதனால்தான் ‘போட்டுட்டு வா’ என்கிறார். புதுக் கிளப்பில் பெயர் பதியும் தேதி முடியப்போகிறது என்று அவசரப்படுத்தினால் அதுவும் அதற்குத்தான்.

வருமான வரித் தளத்தில் பையனின் பான் எண்ணில் நுழைந்து, கிளப் வரி பிடித்தம் காட்டியிருக்கிறதா பாருங்கள். தராத மாதத்துக்கும் பிடித்தம் காட்டியிருந்தால், தர வேண்டியதை அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி.

புதுக் கிளப்பின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: ‘ஒவ்வொரு மாதச் சம்பளமும் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் ஆட்டக்காரரின் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும்.’ அதற்கு மறுத்தால், நகலை எடுத்துக்கொண்டு என்னை வந்து பாருங்கள்.