புது பேப்பர் மெஷின் போட்டால் ஆலையின் உற்பத்தி இரட்டிப்பாகிவிடுமா?

விரிவாக்க அறிவிப்பைப் பார்த்துவிட்டு, பங்கு வாங்கலாமா என்று யோசிக்கிறீர்கள் போல. பங்கு விவகாரம் எனக்குத் தெரியாது. மரத்தைக் கூழாக்கிக் காகிதம் வரை ஒரே வளாகத்தில் செய்கிற ஒரு ஆலையில், கூழ்க் கழிவை எரித்து ரசாயனத்தை மீட்கிற ரெக்கவரி பாய்லரில் பத்தொன்பது வருடம் ஷிப்ட் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆகாது.

மரத்தில் ஏறக்குறைய பாதிதான் கூழாகிறது. மீதி, வேகவைத்த ரசாயனத்தோடு கலந்து பிளாக் லிக்கர் என்கிற கறுப்புத் திரவமாக வந்துவிடும். ஒரு டன் கூழுக்குச் சுமார் ஒன்றரை டன் திடப்பொருள், அதுவும் தண்ணீரில் கரைந்து. அதைச் சுண்டவைத்துத் திடம் 65 சதவீதத்துக்கு மேல் போனால்தான் பாய்லரில் ஒழுங்காக எரியும். எரிந்தால் நீராவி கிடைக்கும், மின்சாரம் கிடைக்கும். அடியில் உருகி ஓடும் ரசாயனக் குழம்பான ஸ்மெல்ட்டைக் கரைத்துச் சுண்ணாம்பு சேர்த்தால் பழைய ரசாயனம் திரும்பக் கிடைக்கும். ஆக, லிக்கரைப் பாய்லர் எவ்வளவு விழுங்குமோ அவ்வளவுதான் கூழ்.

எங்கள் ஆலையில் இரண்டாவது மெஷினைத் திறந்தபோது இதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பழைய பாய்லர் அப்படியே. லோடை ஏற்று, ஏற்று என்று போன் மேல் போன். ஏற்றினோம். நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டர் குழாய்களுக்கு நடுவே சாம்பல் கட்டி அடைத்துக்கொண்டது. சில வாரத்துக்கு ஒருமுறை பாய்லரை நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீர் அடித்துக் கழுவினோம். அந்த நாட்களில் மரத்தை வேகவைக்கும் டைஜெஸ்டரும் நிற்கும். புது மெஷினை ஓட்ட வெளியிலிருந்து கூழ் பேல் பேலாக வந்து இறங்கியது.

பாய்லர் அடியில் ஸ்மெல்ட் வெளியேறும் ஸ்பௌட் வாயில் அது ஆரஞ்சு நிறத்தில் ஒழுகும். இறுகினால் கம்பி விட்டுக் குத்த வேண்டும். கீழே டேங்கில் விழும்போது படபடவென்று வெடிக்கும். அந்தச் சத்தம் கொஞ்சம் மாறினாலே வயிறு கலங்கும். இதெல்லாம் எந்த அறிவிப்பிலும் வராது. திறப்பு விழாப் படத்திலும் எங்களில் ஒருவர் கூட இல்லை, எல்லோரும் ஷிப்டில். 

மெஷின்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நிமிடத்துக்கு ஆயிரம் மீட்டர் ஓடும் ஷீட் அறுந்தால் என்ன பாடு என்று எனக்கும் தெரியும். பழைய காகிதத்தையோ வாங்கிய கூழையோ வைத்து ஓடும் ஆலைக்கு நான் சொன்னது பொருந்தாது, அதுவும் சரி. நீங்கள் கேட்பது மரத்திலிருந்து தொடங்கும் ஆலை என்றால், அந்த அறிவிப்பில் லிக்கரைச் சுண்டவைக்கும் எவாப்பரேட்டர், ரெக்கவரி பாய்லர், சுண்ணாம்புச் சூளை பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால், கூழ் எங்கிருந்து வரப்போகிறது என்று அவர்களிடமே கேளுங்கள்.