பூ உதிர்ந்த தண்டை வெட்டலாமா?

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "இரண்டு வருடத்துக்கு முன் 'வண்ணத்துப்பூச்சி ஆர்க்கிட்' என்று ஒரு செடி வாங்கினேன். அட்டையில் சைக்காப்சிஸ் என்று எழுதியிருந்தது. போன மாதம்தான் முதல் பூ விட்டது. பத்தாம் நாள் உதிர்ந்துவிட்டது. மூன்றடி உயரத் தண்டு மட்டும் பச்சையாக நிற்கிறது. அதை வெட்டிவிட்டால்தான் அடுத்த தண்டு வரும் என்கிறார்கள் நர்சரியில். இலை முழுக்கச் செம்பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றன, பூஞ்சை மருந்து அடிக்கலாமா? பெரிய தொட்டிக்கு மாற்றலாம் என்றும் இருக்கிறேன். எங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர்தான்."

முதலில் கத்தரிக்கோலை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். அந்தத் தண்டை வெட்டவே கூடாது. உங்கள் அடுத்த பூ வரப்போவது அதிலிருந்துதான். அதற்கடுத்ததும் அதிலிருந்தேதான். என்னிடம் உள்ள ஒரு செடி நான்காவது வருடமாக ஒரே தண்டில் பூக்கிறது. ஒரு பூ விழும், சில வாரங்கள் தண்டு சும்மா நிற்கும், பிறகு நுனியில் இன்னொரு மொட்டு தலைகாட்டும். சைக்காப்சிஸின் சுபாவமே அதுதான்.

நர்சரிக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. அவர் சொன்னது டான்சிங் லேடி என்று நாம் சொல்லும் ஆன்சிடியத்துக்குப் பொருந்தும். அதில் ஒரு கொத்து முழுக்க ஒரே நேரத்தில் பூத்துக் கொட்டிவிடும். பிறகு அந்தத் தண்டுக்கு வேலை இல்லை, வெட்டிவிடலாம். குழப்பத்தின் வேர் பெயரில் இருக்கிறது. 1825-இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி இந்தச் செடிக்கு ஆன்சிடியம் பாப்பிலியோ என்றுதான் பெயர் வைத்தார். பாப்பிலியோ என்றால் லத்தீனில் வண்ணத்துப்பூச்சி. 1838-இல் ரஃபினெஸ்க் என்பவர் இதைத் தனிப் பேரினமாகப் பிரித்து சைக்காப்சிஸ் என்றார். கிரேக்கத்தில் 'வண்ணத்துப்பூச்சித் தோற்றம்' என்று பொருள். ஆனாலும் நூறு வருடத்துக்கும் மேலாகத் தோட்டக்காரர்கள் ஆன்சிடியம் என்றே அழைத்துவந்தார்கள். பழைய பெயரோடு பழைய பக்குவமும் ஒட்டிக்கொண்டது. ஆன்சிடியத்துக்குச் சொல்லும் ஆலோசனைகளை அப்படியே இதற்குச் செய்தால் செடி சாகாது. பூ மட்டும் கிடைக்காது.

இந்தப் பேரினம் மிகச் சிறியது. நாலைந்து இனங்கள்தான். பாப்பிலியோ டிரினிடாட் தீவிலும், வெனிசுவேலா, கொலம்பியா தொடங்கி எக்வடோர், பெரு, வட பிரேசில் வரையுள்ள காடுகளிலும் மரங்களின் மேல் வளர்கிறது. கிராமெரியானா என்ற இன்னொன்று கோஸ்டாரிகா, பனாமாவிலிருந்து எக்வடோர் வரை உண்டு. உங்களிடம் இருப்பது எது என்று தெரிந்துகொள்ளத் தண்டின் மேல்பகுதியை விரலால் தடவிப் பாருங்கள். தட்டையாக, இரண்டு பக்கமும் விளிம்பு தட்டினால் பாப்பிலியோ. உருண்டையாக, கணுக்கள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தால் கிராமெரியானா. இரண்டையும் சேர்த்து உண்டாக்கிய கலப்பினம் கலிஹி. மெண்டன்ஹால் என்ற கலப்பினமும் பரவலாக விற்கிறது. எல்லாவற்றுக்கும் பக்குவம் ஒன்றுதான்.

ஏன் ஒவ்வொன்றாகப் பூக்க வேண்டும்? அந்தக் காடுகளில் ஓர் இனச் செடி ஓரிடத்தில் கூட்டமாக நிற்பதில்லை. மரத்துக்கு மரம் சிதறிக் கிடக்கிறது. மகரந்தம் சுமக்கும் பூச்சி என்றைக்கு அந்தப் பக்கம் வரும் என்று சொல்ல முடியாது. பத்துப் பூவையும் ஒரே வாரத்தில் விரித்துவிட்டு அந்த வாரம் பூச்சி வராமல் போனால் வருடமே வீண். இன்று ஒன்று, அடுத்த மாதம் ஒன்று என்று விட்டுக்கொண்டே இருந்தால் எப்போதாவது ஒன்று பலிக்கும். நீண்ட மெல்லிய தண்டின் நுனியில் ஒற்றைப் பூ காற்றில் ஆடுவதைப் பார்த்தால் பூச்சி பறப்பது போலவே இருக்கும். மேலே உணர்கொம்பு போல மூன்று மெல்லிய இதழ்கள், பக்கவாட்டில் செம்மஞ்சளும் பழுப்புமாக வரியோடிய இரண்டு இறக்கைகள், கீழே பழுப்பு விளிம்பிட்ட மஞ்சள் உதடு. பத்து நாளில் அது விழுந்ததற்காக வருந்தாதீர்கள். பத்து நாள், இரண்டு வாரம்தான் ஒரு பூவின் ஆயுள்.

தண்டு உயிரோடிருக்கிறதா என்று பார்க்க நுனியை மட்டும் கவனியுங்கள். பச்சையாக, சின்னச் சின்னச் செதில்கள் அடுக்கடுக்காக மூடியிருந்தால் உள்ளே மொட்டு உருவாகிக்கொண்டிருக்கிறது. நுனியிலிருந்து பழுப்பாகிக் காய்ந்து இறங்கினால், காய்ந்த அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். கீழே பச்சையாக உள்ள கணுவிலிருந்து கிளை விடக்கூடும். வெட்டுவதற்கு முன் பிளேடை நெருப்பில் காட்டி ஆறவிடுங்கள். சிம்பிடியம் மொசைக் வைரஸ் போன்றவை வெட்டும் கருவி வழியாகத்தான் செடிக்குச் செடி தாவுகின்றன, அவற்றுக்கு மருந்தே கிடையாது.

பச்சைத் தண்டையே வெட்டச் சொல்லும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அடியில் நீரும் சத்தும் சேமித்து வைக்கும் குமிழ்கள் சுருங்கி, வேர் அழுகி, செடி நலிந்து கிடந்தால் தண்டை எடுத்துவிட வேண்டும். இந்தச் செடி தன் கடைசிச் சத்தையும் பூவுக்கே கொடுத்துவிடும். உங்கள் கடிதத்தில் அப்படி எந்த அறிகுறியும் இல்லை.

இனி இலைப் புள்ளிகள். இது நோய் அல்ல, இந்தச் செடியின் நிறமே அதுதான். ஒவ்வொரு குமிழின் தலையிலும் ஒரே ஒரு தடித்த இலை. அதில் பச்சையும் செம்பழுப்பும் தெளித்தது போல இருக்கும். வெளிச்சம் கூடினால் சிவப்பும் கூடும். நோய்ப்புள்ளி வேறு மாதிரி இருக்கும்: தொட்டால் குழிந்திருக்கும், சுற்றிலும் மஞ்சள் வளையம் தெரியும், நாளுக்கு நாள் பரவும், ஈரமாகக் கசியவும் கூடும். குருத்திலிருந்தே எல்லா இலையிலும் ஒரே மாதிரிப் பரவியிருக்கும் சமதளமான புள்ளிகளுக்கு மருந்து வேண்டாம். இலை முழுவதும் செங்கல் நிறத்துக்குப் போனால் மட்டும் வெயில் அதிகம் என்று புரிந்துகொள்ளுங்கள். 50 சதவீத நிழல்வலையின் கீழ் காலை வெயில் படும் இடம் போதும்.

தொட்டி மாற்றும் எண்ணத்தைத்தான் நான் இன்னும் அழுத்திச் சொல்லித் தடுக்க வேண்டும். சைக்காப்சிஸ் வேரைத் தொட்டால் பொறுக்காது. ஒருமுறை கலைத்துவிட்டால் மாதக்கணக்கில் வளராமல் நிற்கும். பெரிய தொட்டி இன்னொரு கேடு: நடுவில் உள்ள ஈரம் காயவே காயாது. இது மண்ணில் வளரும் செடி அல்ல, மரத்தின் மேல் வேரைப் படரவிட்டு மழையிலும் காற்றிலும் வாழும் தொற்றுத்தாவரம். (புல்லுருவி போல மரத்தின் சத்தை உறிஞ்சாது, இடம் மட்டுமே கேட்கும்.) அதன் வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற வெள்ளை உறை இருக்கிறது. மழை பட்டதும் அந்த உறை உறிஞ்சிப் பச்சையாகும், பிறகு காற்றில் காய்ந்து மறுபடி வெளுக்கும். இந்த நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்தால்தான் வேர் உயிரோடிருக்கும்.

தொட்டி நான்கு அங்குலமாக இருந்து, உள்ளே உள்ள கரியும் ஓட்டுச் சில்லும் மக்காமல் இருந்தால் இன்னும் இரண்டு வருடம் தொட வேண்டாம். தேங்காய் மட்டைத் துண்டில் நட்டிருந்தால் மட்டும் கவனம். அது சீக்கிரம் மக்கும், உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தொட்டியை மூக்கருகே வைத்து முகருங்கள். மழைக்காட்டு வாசனை வந்தால் நல்லது. புளித்த வாடை வந்தால் மாற்றியே ஆக வேண்டும். அப்போதும் புதுக் குருத்தின் அடியில் வெள்ளை வேர் அரை அங்குலம் எட்டிப் பார்க்கும் சமயமாகப் பார்த்து, அழுகியதை மட்டும் எடுத்துவிட்டு, வேர்க்கட்டைக் கலைக்காமல் ஒரே ஓர் அங்குலம் பெரிய தொட்டியில் இறக்குங்கள்.

தண்ணீருக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒரு தென்னை ஈர்க்கு. தொட்டியின் நடுவரை மெதுவாகச் செருகி ஐந்து நிமிடம் விட்டு உருவுங்கள். ஈரமாக வந்தால் இன்று தண்ணீர் வேண்டாம். கிழமை பார்த்து ஊற்றுவதைவிட இது நம்பகமானது, ஏனென்றால் உங்கள் ஊரில் இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனுக்கும் மார்ச்சுக்கும் ஒரே கணக்கு சரிவராது. ஊற்றும்போது அடியில் வழிந்து ஓடும்வரை காலையில் ஊற்றுங்கள்.

போர்வெல் தண்ணீர்தான் எனக்குக் கவலை. உப்பு ஏறினால் முதலில் வேர்நுனி கருகும், அடுத்து இலைநுனி. மழைநீரைப் பிடித்து மூடி வைத்தால் ஒரு செடிக்கு மாதக்கணக்கில் வரும். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் பலர் செடிக்கு ஊற்றுகிறார்கள். ஆர்க்கிட்டுக்கு அதை ஊற்றவே கூடாது, போர்வெல் தண்ணீரை விட அதில் உப்பு கூடுதல். உரம் என்றால் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 கரையும் உரத்தில் லிட்டருக்கு அரை கிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மாதம் ஒரு தடவை வெறும் மழைநீரை நிறைய ஊற்றித் தேங்கிய உப்பைக் கழுவிவிடுங்கள். இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்பார்கள். நாகர்கோவிலில் அந்தப் பயமே இல்லை.

இந்தப் பூவுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1833-இல் லண்டனில் நடந்த ஒரு மலர்க் கண்காட்சியில் இதே பாப்பிலியோ பூத்திருந்தது. அதைப் பார்த்த ஆறாவது டெவன்ஷயர் கோமகன் ஆர்க்கிட் மோகத்தில் விழுந்தார். இரண்டே வருடத்தில் தன் தோட்டக்காரர்களில் ஒருவரான ஜான் கிப்சனைக் கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பினார். கல்கத்தா வந்த கிப்சன் இன்றைய மேகாலயாவில் உள்ள காசி மலைகளில் ஆர்க்கிட்டுகளைச் சேகரித்துப் போனார். அந்தக் காலத்துப் பிரிட்டனில் வெப்பமண்டல ஆர்க்கிட் என்றாலே கண்ணாடி வீட்டை இறுக மூடி, அனலும் ஈரமுமாக வைத்தார்கள். செடிகள் கொத்துக் கொத்தாக அழுகின. கோமகனின் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன்தான் காற்றோட்டம் கொடுத்தும், செடிக்கேற்ற வெப்பத்தில் தனித்தனி வீடுகளில் வைத்தும் பிழைக்க வைத்தவர்களில் முன்னோடி. உங்கள் செடியைச் சுவரோரம் முடக்காமல் காற்றாட வையுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

அடுத்த மொட்டு வருவதற்குள் மெல்லிய மூங்கில் குச்சி ஒன்றை நட்டு, தண்டை இரண்டு இடத்தில் தளர்வாகக் கட்டிவிடுங்கள். வேரைக் குத்திவிடாமல் தொட்டியின் விளிம்போரமாக நடுங்கள். மொட்டு தெரிந்த பிறகு செடியைத் திருப்பவோ இடம் மாற்றவோ வேண்டாம். பூவின் பின்னால் உள்ள காம்பு தடித்துக் காயாக மாறத் தொடங்கினால் தயங்காமல் கிள்ளிவிடுங்கள். அது முற்றப் பல மாதமாகும், அதுவரை மற்ற மொட்டுகளுக்குப் போக வேண்டியதெல்லாம் அதற்கே போய்விடும்.